பூஜைக்கு வைத்த வெட்டுளி

தூத்துக்குடியில் இரும்புக்கடை வைத்திருப்பவனுக்குத் திட்டு வாங்குவதும் வியாபாரத்தில் சேர்த்திதான். காலையில் ஸ்பேனர் வாங்கிப் போனவர், வாய் விரிந்துபோன அதே ஸ்பேனரை மாலையில் கொண்டுவந்து மேஜைமேல் போடுவார். "அண்ணாச்சி, இத இரும்புல செஞ்சானா, கருப்பட்டியில செஞ்சானா?" என்று கேட்பார். நான் என்ன சொல்வேன்? "கம்பெனிக்காரன் இப்படித்தான் அனுப்புதான்" என்பேன். அவர் இன்னும் கொஞ்சம் திட்டுவார். பிறகு அதே மாதிரி இன்னொன்றை வாங்கிக்கொண்டு போவார். வேறு மாதிரி என்று ஒன்று கடையில் கிடையாது. பக்கத்துக் கடையிலும் கிடையாது.

பார்வைக்கு எல்லாம் லட்சணமாகத்தான் இருக்கின்றன. சிவப்பும் கறுப்புமாக ரப்பர் பிடி, கண்ணாடி மாதிரி பளபளக்கும் முனை, அடுக்கி வைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஸ்க்ரூவில் வைத்துத் திருகினால்தான் சங்கதி தெரியும். ஸ்க்ரூ திரும்பாது, திருப்புளி திரும்பிக்கொள்ளும். போதாக்குறைக்கு எங்கள் ஊர்க் காற்று வேறு. உறையைப் பிரிக்காமலே உள்ளே துருப்பிடித்த சாமானை நான் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதனால் பழசுதான் உசத்தி என்று நான் கிளம்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்தக் காலத்திலும் மட்டமான சாமான் இருந்தது. அதெல்லாம் அந்தக் காலத்திலேயே உடைந்துபோயிற்று. உடையாதது மட்டும் மிச்சமிருக்கிறது, அதைப் பார்த்து நாம் வாய் பிளக்கிறோம். இருந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதைத் திறக்கும்போது எனக்கே என் கடையைப் பற்றி வெட்கமாகத்தான் இருக்கும்.

அது அப்பாவின் பெட்டி. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்து இந்த ஊரில் கடை போட்டவர் அவர். சுத்தியல், குறடு, ரம்பம், ஒரு நீளத் திருப்புளி என்று எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெட்டுளி. துருப்பிடித்து இறுகிப்போன போல்ட்டுகளை வெட்டி எடுக்கிற கனத்த உளி. ஒடிந்துபோன லாரி ஆக்சில் ஒன்றைக் கொல்லரிடம் கொடுத்து அப்பா அடித்து வாங்கியது. அப்பா ஆயுசு முழுக்க அதன் தலையில் அடித்தார். பிறகு நான் அடித்தேன். அடிபட்டு அடிபட்டு அதன் தலை பிதுங்கிப்போகும், அதைச் சாணை பிடித்துச் சரிசெய்வோம். அதனால் உயரத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

பெட்டியைக் காப்பாற்றியவள் அம்மா. மத்தியானம் அப்பா சாப்பிட வரும்போது கடையில் அவள்தான் உட்காருவாள். யார் வந்து எதைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டாள். "என்ன வேலைக்கு?" என்று முதலில் கேட்பாள். வேலையைச் சொன்னால்தான் சாமான் கைக்கு வரும். கேட்டது ஒன்றாக இருக்கும், அவள் கொடுப்பது வேறொன்றாக இருக்கும். வாங்கினவர்கள் முனகிக்கொண்டே போவார்கள். ஆனால் சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் போட மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பாவின் பெட்டியைத் திறந்து, எண்ணெய் போட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாள். உப்புக் காற்றுக்கு அது ஒன்றுதான் மருந்து.

இப்போது அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரையும் தந்தார். மாத்திரை மறக்காமல் இருப்பதற்கு இல்லை, மறப்பதைக் கொஞ்சம் மெதுவாக்குவதற்கு என்று அவரே சொல்லிவிட்டார். சில நாள் காலையில் "ஏய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்பாள். அன்றைக்கு எனக்குத் தீபாவளி. சில நாள் என்னைப் பார்த்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கடை அங்கன இருக்கு அண்ணாச்சி, இது வீடு" என்பாள். அந்த மாதிரி நாளிலும் பெட்டியைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் அவள் கை அதுபாட்டுக்குத் துணியை எடுத்துத் துடைக்கும். உளியை அவளுக்குத் தெரிகிறது. பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை. இரும்பின்மேல் எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் வந்தது.

போன சரஸ்வதி பூஜை அன்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அன்று காலையே அப்பாவின் பெட்டியைப் பூஜை அறையில் பிரித்து, சாமான்களை வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை தொடக்கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எல்லா வீட்டிலும் எங்கள் அம்மா இல்லை. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு பூஜை அன்று முற்றத்துக் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டது. அப்பா ஸ்பேனரை எடுக்கப் போனார். அம்மா பூஜை அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். "வருசம் பூரா உங்களுக்கு உழைக்குதுல்லா, ஒரு நாள் சும்மா கிடக்கட்டும்" என்றாள். அப்பா குழாயில் பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தண்ணீர் தெருமுனை வரை ஓடியது. குடிதண்ணீருக்கு அல்லாடுகிற இந்த ஊரில் தெருக்காரர்கள் வாயாரத் திட்டிக்கொண்டே குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா அசையவில்லை.

இந்தப் பூஜை அன்று அம்மா தெளிவாகத்தான் இருந்தாள். தன் கையாலேயே ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்தாள். வெட்டுளிக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டு. பூஜை முடிந்தது. சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் கடையில் பூஜை போடலாம் என்றிருந்தோம். அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரியின் டிரைவர். கடை பூட்டியிருப்பதைப் பார்த்து வீட்டைத் தேடி வந்துவிட்டார். அவசரமாக ஒரு ஸ்பேனர் வேண்டுமாம். கடையைத் திறந்து எடுத்துத் தருகிறேன் என்று நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் வீட்டுக்குள் என் மனைவி பூஜை அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். டிரைவர் கேட்டது அம்மா காதில் விழுந்திருக்கிறது. சாமானை எடுக்க ஆள் வந்துவிட்டார்கள் என்று உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் மற்றக் கதவுகள் எல்லாம் புதிது. மழைக்கு ஊதிக்கொண்டு மூட மறுக்கும், பலமாக உதைத்தால் ஓட்டை விழுந்துவிடும். பூஜை அறைக் கதவை மட்டும் அம்மா மாற்ற விடவில்லை. கடைப் பணத்தை அந்த அறையில் வைத்த காலத்தில் அப்பா போட்ட தேக்குக் கதவு. உள்பக்கம் இரும்புப் பட்டை, கட்டைவிரல் பருமனுக்குத் தாழ்ப்பாள். கீலும் உள்ளேதான். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. அறைக்கு ஜன்னல் கிடையாது, மேலே கம்பி போட்ட ஒரு சின்னத் துவாரம் மட்டும்.

உள்ளே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா கட்டியிருந்தது நூல் சேலை, அதுவும் எப்போதும் தரையில் இழுபடும். சர்க்கரை உடம்பு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"அம்மா, கதவைத் திற."

"இன்னைக்கு ஒண்ணும் எடுக்க முடியாது அண்ணாச்சி. பூசைக்கு வச்சிருக்கு. நாளைக்கு வாங்க."

"அம்மா, நாந்தாம்மா."

"கடைக்கு வாரவுக எல்லாரும் நாந்தான், நாந்தான்னுதான் சொல்லுதாக. எம் மவன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கான். அவன் வரட்டும்."

எனக்குத் தலை நரைத்துக் கண்ணாடியும் போட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் எப்போது வருவது?

ஏணி வைத்து ஏறித் துவாரம் வழியாகப் பார்த்தேன். அம்மா சாமான்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை விரித்து அவற்றை மூடியிருந்தாள். விளக்கு சுவரோரம் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை, அதன் வெளிச்சம் மட்டும் எதிர்ச்சுவரில் ஆடியது. தண்ணீர் ஊற்றி விளக்கை அணைக்கலாம் என்றாள் மனைவி. ஊற்றினால் அம்மாவின் தலையில்தான் விழும். எழுந்து வழுக்கி விழுந்தால் அது இன்னொரு வினை. தீயணைப்பு நிலையத்துக்கு அவள் போன் செய்தாள். வருகிறோம் என்றார்கள். அவர்கள் வருகிறவரை சும்மா நிற்க முடியுமா? இரும்புக்கடைக்காரன் வீட்டில் ஒரு கதவைத் திறக்க வழியில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

கடைக்கு ஓடினேன். கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். புதுக் கடப்பாரை, புது உளி, பேட்டரியில் ஓடும் டிரில். கடப்பாரையின் நுனி நுழைய இடுக்கு இல்லை. அழுத்தி நெம்பியதில் கதவில் ஒரு கீறல் விழுந்தது, கடப்பாரை வளைந்தது. உளியை வைத்து அடித்தேன். தேக்கைத் தாண்டி இரும்புப் பட்டையில் பட்டதும் அதன் வாய் சப்பாத்தி ஓரம் போல மடங்கிவிட்டது. டிரில் கொஞ்சம் முனகியது, முனை ஒடிந்தது, பிறகு சார்ஜும் போய்விட்டது. இவற்றைத்தான் இத்தனை வருஷமாக "நம்பி வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறேன். மாலையில் திட்டிவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் ஒன்றாக வந்து என் பின்னால் நிற்பது போல இருந்தது.

அந்தக் கதவைப் பிளக்கக்கூடிய ஒரே உளி எங்கள் வீட்டில்தான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், அம்மாவின் முந்தானைக்குக் கீழே, பெரிய பொட்டோடு இருந்தது.

பழைய சாமான் யாரிடமாவது இருக்குமா என்று தெருவில் கேட்டேன். தச்சுப் பட்டறைக்காரர் வீட்டில் இருந்தது, லேத்துக்காரர் வீட்டிலும் இருந்தது. எல்லாம் பூஜையில். உயிர் போகிற காரியம் என்றால் கொடுத்துவிடுவார்கள்தான். "எடுத்துத் தாரேன், நில்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெண்டாட்டியிடம் மெதுவாகப் பேசினார் பட்டறைக்காரர். அதற்குள் வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுத் தம்பி வந்துவிட்டார். விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறவர். அவர் வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர். அவருடைய சாமான்களுக்கு அன்று லீவு இல்லை.

கரண்டில் ஓடும் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்திருந்தார். "பலகையச் சதுரமா அறுத்துக் கைய உள்ள விட்டுருவோம் அண்ணாச்சி, பட்டையும் அறுந்துரும், பயப்படாதீங்க" என்றார். சுவிட்சைப் போட்டார். அந்தச் சத்தம் வீட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே அம்மா அலறினாள். ஏதோ ஒன்று உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் கத்தினேன். ஏணியில் ஏறிப் பார்த்தால், விழுந்தது மணி. அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து விளக்கு இருக்கும் சுவரோரம் போயிருந்தாள். எதிர்ச்சுவரில் வெளிச்சம் முன்பைவிட வேகமாக ஆடியது. இன்னொரு தடவை சுவிட்சைப் போட்டால் சேலை விளக்கில்தான் இருக்கும்.

தம்பி மெஷினைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

நான் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. பயந்த குரல்தான், ஆனால் கடைக்குரல்.

"இன்னும் போகலியா அண்ணாச்சி? அப்படி என்ன அவசரம்? என்ன வேலைக்கு?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குக் கடை மேஜைக்கு முன்னால் நின்ற எல்லாரும் சொன்ன மாதிரி உள்ளதைச் சொன்னேன்.

"ஒரு கதவைத் திறக்கணும்."

"சாவி தொலைஞ்சுட்டோ?"

"சாவி இல்ல. உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"உள்ள யாரு இருக்கா?"

"எங்க அம்மை" என்றேன். "உள்ள மாட்டிக்கிட்டா. திறக்கத் தெரியல அவளுக்கு. விளக்கு வேற எரியுது. என்ன செய்யன்னு எனக்குத் தெரியல."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு வளையல் சத்தமும், இரும்போடு இரும்பு உரசுகிற சத்தமும் கேட்டன. தாழ்ப்பாள் நகர்ந்தது. அதற்கும் அவள் எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தாள், சத்தமே இல்லாமல் விலகியது.

கதவைத் திறந்துகொண்டு அம்மா நின்றாள். கையில் வெட்டுளி. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"பூசையில வச்சத எடுக்கக் கூடாது. எம் வீட்டுக்காரருக்கே நான் கொடுத்தது இல்ல. பெத்தவ உள்ள கிடக்கான்னா என்ன செய்ய? சாமி ஒண்ணும் சொல்லாது. இது வெட்டாத கதவு கிடையாது. ஓடுங்க அண்ணாச்சி."

மனைவி அவளைத் தாண்டி உள்ளே புகுந்து விளக்கை மலையேற்றினாள். நான் உளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னும் நிக்கீங்களே? அம்மை அங்கன காத்துக் கிடப்பால்லா!"

வேறு வழியில்லை. உளியோடு தெருவுக்கு வந்தேன். கொஞ்ச தூரம் வேகமாகவே நடந்தேன், அவள் வாசலில் வந்து பார்ப்பாளோ என்று. பட்டறைக்காரர் பூஜையிலிருந்து எடுத்த உளியோடு எதிரே வந்துகொண்டிருந்தார். சந்தனம் இன்னும் காயவில்லை. "என்ன அண்ணாச்சி, திறந்துட்டா?" என்றார். திறந்துவிட்டது என்றேன். தீயணைப்புக்காரர்களும் வந்தார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்பினோம். அம்மா இட்லி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் மறுபூஜையில் உளியை மற்றச் சாமான்களோடு வைத்தேன். அம்மா அன்று தெளிவாக இருந்தாள். "ஏய்யா, நேத்து ஒரு அண்ணாச்சி இத வாங்கிட்டுப் போனாரு. திருப்பிக் கொண்டாந்துட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவரு அம்மை வெளிய வந்துட்டால்லா. நல்லது" என்று சொல்லிவிட்டு உளியைத் துடைத்து வைத்தாள். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் நிற்காத அவளுக்கு இது மட்டும் எப்படி நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் அடிக்கடி கேட்டாள். நானும் ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். மரையாணிகள் எல்லாம் இறுகிப்போயிருந்தன, வெட்டுளிதான் வெட்டியது. கடையில் விற்பனை நடக்கிறது, திட்டும் நடக்கிறது.

போன வாரம் மத்தியானம் அம்மா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் உளியை எடுத்து, துடைப்பதற்காக அவள் கையில் கொடுத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீங்களா அண்ணாச்சி? உங்க அம்மை வெளிய வந்துட்டாளா?"

பொய் சொல்லிப் பழகின வாய்தான். அன்று வரவில்லை.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. உளியைத் துணியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரித்து, அதில் வைத்து, விரல்களை மூடினாள்.

"அப்புறம் ஏன் இதத் திருப்பிக் கொண்டாந்தீங்க?" என்றாள். "கொண்டு போங்க அண்ணாச்சி. போய்த் திறங்க."